கம்பியில் போட்ட சொல்

பிள்ளைகளே, சாப்பிட உட்கார்ந்ததும் நீங்கள் மூன்று பேரும் சொல் விளையாட்டை ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஒருவர் ஒரு சொல்லைப் போட, மற்ற இருவரும் அதற்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று மோதிக்கொள்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். “அப்பாவுக்குச் சொல் தெரியாதுலா, அதான் ஓடுறாரு” என்று சின்னவன் சொன்னது என் காதில் விழுந்தது. பெரியவள் சிரித்ததும் விழுந்தது.

கோபம்தான் வந்தது. ஆனால் கோபத்தில் வாயைத் திறந்து நான் ஒருமுறை கெட்டது போதும். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியை நாலாம் வகுப்போடு விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த ஆண்டு பெரியவள் கைக்குழந்தை. மற்ற இருவரும் பிறக்கவில்லை. மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குத் தொலைபேசி இலாகாவில் லைன்மேன் வேலை. கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டுவது, அறுந்தால் இணைப்பது, மரக்கிளை உரசினால் வெட்டுவது. சைக்கிளின் ஒரு பக்கம் மூங்கில் ஏணி, மறுபக்கம் குறடும் ஈயமும் ஊதுவிளக்கும் வைத்த பை. காஜா பெராங் வட்டாரம் என்னுடையது. தெங்கேரா வட்டாரத்தை இன்னொருவர் பார்த்தார். அவர் எனக்கு மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கிளேபாங் வட்டாரத்துக்கு என் வயதுக்காரன் ஒருவன். ஏழாவது வரை படித்தவன், பேப்பர் வாசிப்பவன், அதை மற்றவர்களுக்கு நினைவுபடுத்தாமல் அவனால் ஒரு நாளும் இருக்க முடியாது.

நாங்கள் மூன்று பேரும் தினமும் காலை ஏழரைக்கு, அவரவர் வட்டாரத்தில் ஒரு கம்பத்தில் ஏறி, டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டி, டவுனில் இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு ஜோடிக் கம்பி தனியாக இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று பக்கமும் அது கிளை பிரிந்து போகும். அதில் ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அந்தப் பக்கம் டெஸ்ட் மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு செட்டிக்காரர். மலாக்கா செட்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நம்மைப் போல் சாமி கும்பிடுவார்கள், பெயரும் நம் பெயர் மாதிரிதான் இருக்கும், ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். தமிழ் வராது.

கம்பியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வட்டாரம்தான் பெயர். நான் ‘காஜா பெராங்’. அவர்கள் ‘தெங்கேரா’, ‘கிளேபாங்’. செட்டிக்காரர் எங்களுக்கு ‘மேசை’.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பியில் நாங்கள் நண்பர்கள். தெருவில் அப்படி இல்லை. மேசையின் வீடு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாக அவர் ஆபீசுக்குப் போகும்போது, காக்கி அரைக்கால் சட்டையோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு நான் எதிரே வந்தால், அவர் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அதோடு சரி. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. அதே ஆள் காதில் போனை வைத்தால் “காஜா பெராங், சுடா மாக்கான்? சாப்பிட்டாச்சா?” என்று அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லோடு ஆரம்பிப்பார்.

விளையாட்டு ஆரம்பித்த கதை இது. மலாய்தான் இனி தேசிய மொழி, எல்லாரும் படிக்க வேண்டும் என்று பேச்சு வந்த நேரம். கிளேபாங்காரன் ஒரு காலை கம்பியில் புலம்பினான். “பசாரில் மீன் வாங்குற மலாய் போதும்னு இருந்தேன். இனிமே எழுதவும் சொல்றானுங்களாம். எங்கலா போவேன்?”

மேசை சிரித்தார். உங்கள் சொல் பாதி இதில் இருக்கிறதே என்றார். “பெத்தி. காப்பால். மிசாய். இதெல்லாம் உங்களுடையது இல்லையா?”

பெட்டி, கப்பல், மீசை. நாங்கள் மூவரும் கம்பத்தின் உச்சியில் இருந்தபடி ஆமாம் ஆமாம் என்று கத்தினோம்.

மறுநாளே அது விளையாட்டாகிவிட்டது. காலையில் மேசை ஒரு மலாய்ச் சொல் போடுவார். ஒரு நாள் முழுக்க யோசித்து, மறுநாள் காலை அது எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தமிழே இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். முதலில் பதில் சொல்லும் முறை ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு. சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. முதலில் இருபத்தைந்து புள்ளி எடுப்பவர், அதன் பிறகு மேசைக்குப் பதிலாகத் தானே சொல் போடலாம்.

ஒருவர் பதில் சொன்னதும் மேசை மற்ற இருவரிடமும் “செத்துஜு?” என்று கேட்பார். ஒத்துக்கொள்கிறீர்களா என்று அர்த்தம். நாங்கள் செத்துஜு என்றதும், “சுடா துலிஸ்” என்பார். எழுதிக்கொண்டேன். அவரிடம் விடைப் புத்தகம் ஒன்று இருக்கிறது, மரியாதைக்காக எங்களைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்கு அந்த இருபத்தைந்து வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன். ‘கோலாம்’ என்று ஒரு நாள் மேசை போட்டார். மறுநாள் வரை பொறுக்காமல் அப்போதே முந்திக்கொண்டு, வாசலில் போடுகிற கோலம் என்றேன். மலாயில் அதற்குக் குளம் என்று பொருள். கிளேபாங்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். “நாலாங்கிளாஸ், வாசலில் மாவு கரைச்சு மீன் வளர்க்கிறியா?” அன்றிலிருந்து கம்பியில் எனக்கு இரண்டாவது பெயர் நாலாங்கிளாஸ். சம்பள நாளில் ஸ்டோரில் பார்த்தாலும் அதுதான். நான் ஒருநாளாவது சொல் போட்டு, அவன் ஒருநாளாவது தலையைச் சொறிய வேண்டும். இதுதான் என் ஆசை. இதை எழுதும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது. அப்போது அப்படித் தெரியவில்லை.

போடுவதற்கு ஒரு சொல்லும் தயாராக வைத்திருந்தேன். மாட்டுவண்டிக்காரர் கையில் வைத்திருக்கும் சாட்டையை மலாயில் ‘செமெத்தி’ என்பார்கள். தமிழில் அது சம்மட்டி. சம்மட்டி என்றால் சுத்தியல்தானே என்று எல்லாரும் சொல்வார்கள். வாசகசாலை அகராதியில் விரல் வைத்துத் தேடினேன். சாட்டைக்கும் சம்மட்டி என்று பெயர் இருந்தது. கிளேபாங்காரன் அதில் கட்டாயம் விழுவான்.

விளையாட்டு மும்முரமானது. ‘தீராய்’ திரை. ‘செருத்து’ சுருட்டு. ‘மெம்பெலாய்’ மாப்பிள்ளை. ‘புவாலாம்’ என்றால் மலாயில் பளிங்கு, அது நம் பவளம்தான் என்று தெங்கேரா அண்ணன் மெதுவாகச் சொன்னபோது மூன்று நாள் சண்டை. புருஷனுக்கு மலாயில் ‘சுவாமி’ என்று வந்த அன்று அண்ணன் சொன்னார், “இதை என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிப் பார்த்தேன்டா. சாமின்னா மலையேறுங்க, சமையல் மிச்சம்னுட்டா.” ‘பெல்பாகாய்’ பல வகை என்று நான் கண்டுபிடித்த நாளில் கிளேபாங்காரன்கூட என்னை நாலாங்கிளாஸ் என்று கூப்பிடவில்லை. ‘மேஜா’ என்று போட்டபோது மூவரும் சேர்ந்து ‘மேசை’ என்று கத்திச் சிரித்தோம். சுடா துலிஸ் என்றார் மேசை.

உங்கள் அம்மாவுக்குத்தான் எரிச்சல். “லைனுக்குப் போறீங்களா, பள்ளிக்கூடத்துக்குப் போறீங்களா? பிள்ளைக்குப் பால் மாவு வாங்கச் சொன்னா, ‘மாவு தமிழா மலாயா’ன்னு நிக்கிறீங்க.”

டிசம்பர் மழையில் எல்லாம் கெட்டது.

ஒரு காலை, கோயிலுக்குப் பக்கத்தில் தென்னை மட்டை விழுந்து, நாங்கள் பேசும் அந்தக் கம்பி அறுந்து கிடந்தது. மணி ஏழே கால். பதில் சொல்லும் முறை அன்று எனக்கு. கம்பியை இணைப்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. இரண்டு முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து, சேர்த்துக் கட்டி, சூடு காட்டி ஈயம் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். நான் இரண்டு முனையையும் குறடால் முறுக்கிவிட்டு, மத்தியானம் வந்து ஈயம் வைக்கலாம் என்று போனை மாட்டினேன். அன்று எனக்குப் புள்ளி கிடைத்தது. மத்தியானம் வேறு வேலை வந்தது. மறுநாள் மழை. சந்தாதாரர் கம்பியாக இருந்தால் புகார் வந்திருக்கும். இது நாங்கள் பேசிக்கொள்ளும் கம்பி. புகார் சொல்ல யாரும் இல்லை.

ஒரு வாரத்தில் முறுக்கின இடம் பச்சை பிடித்துப் போனது போலிருக்கிறது. காதில் கடலை வறுக்கிற சத்தம். காற்றடித்தால் பாதிச் சொல் போய்விடும். இணைப்பு என் கிளையில் இருந்ததால் மற்ற இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

“காஜா பெராங், உன் லைன் கரகரக்கிறது. பார்க்கிறாயா?” என்று மேசை இரண்டு முறை கேட்டார்.

“என் லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க பக்கம் பாருங்க” என்றேன். மாதாந்திர அட்டையில் ஒவ்வொரு நாளும் லைன் நிலவரம் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் ஓகே என்று எழுதினேன். ஒரு சொல் சரியாகக் கேட்காமல், தெங்கேரா அண்ணனைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, கிளேபாங்காரன் “காதிலேயும் நாலாங்கிளாஸா?” என்று கேட்க, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வருவேன். வந்த கோபத்தில் அட்டையில் ஓகே என்று அழுத்தி எழுதுவேன். அரை மணி நேர வேலை. செய்திருக்கலாம். இன்று செய்தால் நேற்றுவரை எழுதியது பொய் என்று ஆகிவிடுமே என்று விட்டேன்.

பொங்கல் நெருங்கியபோது கணக்கு இப்படி இருந்தது. எனக்கு இருபத்துநாலு. கிளேபாங்காரனுக்கும் இருபத்துநாலு. அண்ணனுக்குப் பதினொன்று.

போகி அன்று காலை மேசை சொல் போட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசினார் என்று தெரிந்தது. எனக்கு எட்டியது இவ்வளவுதான்: “சாயா பூஞா ரூமா...” பிறகு ஒரே கரகரப்பு. பிறகு, “பரிசு.”

தன் வீட்டில் ஏதோ என்கிறார். அப்புறம் பரிசு. சொல் பரிசு.

திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் கிளேபாங்காரன் சிரிப்பான். அடுத்த முதல் பதில் என்னுடைய முறை என்பதும் நினைவில் இருந்தது. “ஓகே” என்று சொல்லிப் போனைக் கழற்றினேன்.

இறங்கும்போதே மனது சரியில்லை. மலாயில் பரிசு என்று நான் கேள்விப்பட்டதில்லை. அவர் வீட்டு மலாயில் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அது அப்படியே தமிழ்ச் சொல் ஆயிற்றே. பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடுமே. இருபத்துநாலில் நிற்கிறான், நாலாம் வகுப்புக்காரன், பாவம் என்று எனக்குச் சும்மா தூக்கிப் போடுகிறாரா? மறுநாள் பொங்கலுக்கு எல்லாருக்கும் லீவு. ஆக இரண்டு நாள் இதே உறுத்தல். ஜெயிக்கப் போகிறேன் என்ற சந்தோஷம் வரவில்லை. பிச்சை வாங்கப் போகிறவன் மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்துச் செட்டி வீட்டில் ஒரே நடமாட்டம். பிள்ளைகளை யாரோ அதட்டிக்கொண்டிருந்தார்கள். குமைந்துகொண்டிருந்தவனுக்கு அந்தச் சத்தம் வேறு. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டினார். வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறு, மீன் சம்பால், இரண்டு மூன்று கூவே பலகாரம். உங்கள் அம்மா வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

“என்னமோ சாமி கும்பிட்டாங்களாம். பேரு கூட ஒன்னு சொன்னாங்க...”

“சும்மா இரு. நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“என்ன யோசனை? சோத்தைப் பார்த்துச் சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. பரிசு, பரிசு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை காற்று இல்லை. கம்பி கொஞ்சம் தெளிவாக இருந்தது. ஏழரைக்கு மேசை கூப்பிட்டார். “காஜா பெராங். முறை உன்னுடையது.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றேன். “பரிசு. பரிசுலேர்ந்துதான் வந்திருக்கு. போட்டியில ஜெயிச்சா குடுப்பாங்களே, அது.”

கிளேபாங்காரன் வெடித்தான்.

“பரிசா? போகி அன்னிக்கு எவன் வீட்லடா பரிசு குடுக்கிறான்? மச்சான், நீ கேளு, நானே உனக்கு ஒரு கோப்பை வாங்கித் தர்றேன்!”

“தம்பி, சொல்லு பார்ச்சுடா” என்றார் தெங்கேரா அண்ணன். “பார்ச்சு. பரிசு இல்லே.”

“செத்துப் போன பெரியவங்களுக்கு இலை போட்டு வைப்பாங்களே, அதுக்கு அவங்க வீட்ல பார்ச்சுன்னு பேரு. அன்னிக்கே சொன்னாரே!” கிளேபாங்காரனுக்கு மூச்சு முட்டியது. “படைச்சுடா! படையல் போட்டு முடிச்சா, படைச்சு ஆச்சுன்னு சொல்லுவோமில்லே? அவங்க நாக்குல ‘ட’ தேய்ஞ்சு ‘ர’ ஆயிடுச்சு. படைச்சு, பார்ச்சு. இருபத்தஞ்சு! மேசை, துலிஸ்! துலிஸ்!”

“செத்துஜு?” என்று கேட்டார் மேசை. அண்ணன் செத்துஜு என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இரண்டு நாளாக உறுத்தியது, கோப்பை, நாலாங்கிளாஸ், காதுக்குள் கடலை, எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் பரிசு என்றுதான் சொன்னார் என்று கத்தினேன். இல்லை என்றார் மேசை. ஆமாம் என்றேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மலாயில், அவருக்கு நன்றாகப் புரியும்படி, இப்படிச் சொன்னேன்:

“தமிழ் வாயில் வராத ஆள் தமிழ்ச் சொல் போட்டால் இப்படித்தான் இருக்கும். உங்கள் பாட்டன் பேச்சே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எங்களுக்குப் பரீட்சை வைக்கிறீர்களா?”

கிளேபாங்காரன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அப்போது மேசை சொன்ன பதிலில் கோபம் இல்லை. அதுதான் இன்றும் என்னைப் படுத்துகிறது.

“பெத்துல்” என்றார். உண்மைதான். “சாயா தாக் தாவு. இத்து பாசால் சாயா தாஞா.”

எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்டேன் என்கிறார்.

அவரிடம் விடைப் புத்தகம் எதுவும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நூறு நாளுக்கு மேல் அவர் போட்டது பரீட்சை இல்லை, கேள்வி. வீட்டில் புழங்கும் சொற்கள், அவருக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள், இவற்றில் எது எங்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை. நாங்கள் மூன்று பேர் கம்பத்தின் மேலிருந்து சொன்னதை அப்படியே நம்பி எழுதி வைத்திருக்கிறார். போகி அன்று தன் வீட்டுப் பெரியவர்களுக்கு இலை போடும் முன்னால், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்களிடம் கேட்டிருக்கிறார். நான் ஒரு கோப்பை வாங்கும் யோசனையில் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டாள். “பார்ச்சு! அதைத்தானே அந்த அம்மா சொன்னாங்க! சொல்ல வந்தவளைச் சும்மா இருன்னீங்க. பார்ச்சுச் சோத்தைத் தின்னுக்கிட்டே பரிசு பரிசுன்னீங்களா?”

அன்றோடு மேசை சொல் போடுவதை நிறுத்திவிட்டார். காலையில் “காஜா பெராங்?” என்பார். “ஓகே” என்பேன். “தெங்கேரா?” “ஓகே.” “கிளேபாங்?” “ஓகே.” சாப்பிட்டாச்சா என்ற கேள்வி போய்விட்டது. கிளேபாங்காரனுக்கு என் மேல் வேறு கடுப்பு. “இருபத்தஞ்சு எடுத்தவன் நான். ஒரு சொல் போட்டேனா? உன் வாயாலே என் பட்டமும் போச்சு. மன்னிப்பு கேட்டுத் தொலைலா.”

கேட்கத்தான் நினைத்தேன். சைக்கிளில் அவர் வீட்டு வழியாக மூன்று முறை போனேன். ஒரு முறை அவர் சாரோங் கட்டிக்கொண்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கால் நிற்காமல் மிதித்துக்கொண்டே போய்விட்டது. தெருவில் நாங்கள் பேசிப் பழகியதே இல்லை. திட்டியது கம்பியில். மன்னிப்பும் கம்பியில்தான் கேட்க முடியும் என்று பட்டது.

ஒரு காலை மனதைத் தேற்றிக்கொண்டேன். மற்ற இருவரும் போனைக் கழற்றும்வரை காத்திருந்தேன். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

“மேசை, அன்னிக்கு நான் பேசினது...”

கரகரவென்று சத்தம். “ஆப்பா? தாக் டெங்ஙார்.” என்ன, கேட்கவில்லை என்கிறார்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு.”

“ஆப்பா?”

“தப்புன்னு சொல்றேன்! சாயா சாலா! என் தப்பு!” பெல்ட்டில் தொங்கிக்கொண்டு கத்தினேன். கீழே போன சைக்கிள்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“காஜா பெராங், தாக் டெங்ஙார். லைனில் ஏதாவது பழுதா?”

பழுதா என்று கேட்கிறார். ஆறு வாரமாக ஓகே என்று எழுதிய கை என்னுடையது.

“ஒன்னுமில்லே” என்றேன். “லைன் ஓகே.”

சில மாதத்தில் மேசைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முந்தின நாள் கம்பியில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டார். அப்போது என் லைன் தெளிவாக இருந்தது. “காஜா பெராங், உங்கள் மேஜா தமிழ் இல்லையாம்” என்றார். “போர்த்துகீசியர் விட்டுப் போனதாம். உஜோங் பாசிரில் அவர்கள் வம்சத்தார் ஒருவர் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள்.” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதுதான் நேரம், மன்னிப்பையும் கேட்டுவிட்டு, செமெத்தியையும் போட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “நந்தி, நந்தி” என்றார். அப்புறம் என்று அர்த்தம். அந்த அப்புறம் வரவில்லை. என் கணக்கு இன்றும் இருபத்துநாலு. செமெத்தியை இதுவரை யாரிடமும் போடவில்லை. உங்களுக்கு இப்போது விடை தெரிந்துவிட்டதால் உங்களிடமும் போட முடியாது.

அவர் சிரித்துப் பேசும்படி என் லைன் எப்படித் தெளிவாயிற்று என்று கேட்பீர்கள். அது மாற்றலுக்கு முன்னால், நான் கத்தியும் கேட்காமல் போனதே, அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. வேலை நாள் இல்லை. உங்கள் அம்மாவிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். கோயில் பக்கம்தானே, பொய் இல்லை. கம்பத்தில் ஏறி, முறுக்கின இடத்தை வெட்டி எறிந்தேன். முனைகளைப் பளபளப்பு வரும்வரை சுரண்டினேன். அளவாக ஒரு துண்டுக் கம்பி வைத்துக் கட்டி, ஊதுவிளக்கை நெருக்கிப் பிடித்து, ஈயம் உள்ளே ஓடி நிறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போனை மாட்டிக் கேட்டேன். சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் மாட்டினேன்.

இறங்கி வந்து, அந்த மாத அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். மாத முடிவில் அது மேசையின் கைக்குத்தான் போகும். மேலாளர் பார்த்தால் திட்டு விழும். பிறகு விழவும் செய்தது. அட்டையைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, நான் எழுதியிருந்த ஓகே ஒவ்வொன்றையும் முதல் தேதியிலிருந்து பென்சிலால் அடித்தேன். கடைசிக் கட்டத்தில், எனக்குத் தெரிந்த மலாயில், எழுத்துக் கூட்டி எழுதினேன்: இணைப்பு சரியில்லை. மேசையின் தவறு அல்ல. நான் செய்தது.